எருமையில் என் பாதி

மார்ச் 4
மலை மேல் கால்நடை மருந்தகம்

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வொர்க்‌ஷாப் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கால்நடை மருத்துவர். என்னிடம் பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். கல்லோ, சேறோ, ஓடையோ, எதைக் காட்டினாலும் ஏறிவிடும். மின்சாரம்தான் போதவில்லை. அதில் இருப்பது அந்தக் காலத்து டைனமோ. விளக்கைப் போட்டால் வைப்பர் முனகுகிறது, வைப்பரைப் போட்டால் ஹார்ன் தொண்டை கட்டிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடும் துணிச்சல் எனக்கு இல்லை.

இப்போது வண்டி பேட்டரியில் ஓடும் பெட்டி ஃபிரிட்ஜ் ஒன்று கிடைத்திருக்கிறது. தடுப்பூசி மருந்து கொண்டுபோக. இங்கே பதினோரு ஆட்டுப் பட்டிகள், மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு சுற்று முடிக்க நான்கு நாள். போன வருடம் ஐஸ் பெட்டியில் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் ஐஸ் எல்லாம் தண்ணீர். சூடேறிய மருந்தைப் போடுவதும் பச்சைத் தண்ணீரைப் போடுவதும் ஒன்றுதான். கடைசி நான்கு பட்டிகளுக்குப் போடாமலேயே திரும்பினேன். அந்த நான்கிலும் சேர்த்து எண்பத்தாறு ஆடுகள் போயின. இந்த வருடமும் அப்படிக் கையை விரிக்க என்னால் முடியாது. மே முதல் தேதி ஆட்டுக்காரர்கள் மேய்ச்சலுக்கு உச்சிக்கு ஏறிவிடுவார்கள். அங்கே எருமையே போகாது. மன்னிக்கவும், ஜீப்பின் பெயர் அது.

டைனமோவைக் கழற்றிவிட்டுப் பெரிய ஆல்டர்னேட்டர் போட வழி உண்டா? ஆடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் நான் கீழே வர முடியாது. இங்கே மெக்கானிக் இல்லை, போன் சிக்னலும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் இறங்கி மறுநாள் ஏறும் பால் லாரிதான் எங்களுக்குத் தபால்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்

பி.கு: அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?


மார்ச் 7
வொர்க்‌ஷாப்

வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் வொர்க்‌ஷாப்பின் திறப்பு விழா நான்கு வருடங்களுக்கு முன் நடந்தது. அதற்கு வருகிறேன் என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு இரண்டு நாள் முன்பு மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களின் வண்டிகளை நாங்கள் தொடுவதில்லை. இது எங்கள் நிறுவனத்தின் விதி. விதி எப்போது போடப்பட்டது என்று கேட்டால், நேற்று மாலை.

ஆனால் ஆடுகள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆகவே ஆடுகளுக்காக எழுதுகிறேன், தங்களுக்காக அல்ல.

டைனமோ உட்கார்ந்திருக்கும் இரும்புத் தாங்கியின் இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம், பெல்ட்டின் அகலம் எவ்வளவு, எஞ்சினின் கீழ்ப் புல்லியிலிருந்து டைனமோ புல்லி வரை எவ்வளவு, டைனமோவுக்குப் பின்னால் எத்தனை விரல் இடம் இருக்கிறது, எல்லாவற்றையும் அளந்து அனுப்பவும். கண்ணளவு வேண்டாம். தங்கள் கண்ணளவை நான் அறிவேன். கதவுக்கு அளவெடுத்து, ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க வைத்த கண் அது.

இப்படிக்கு,
உரிமையாளர்

பி.கு: அம்மாவின் முழங்கால் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கும் விஷயம் அல்ல. வலது கால் பரவாயில்லை. இடது கால் மாடி ஏறினால் முனகுகிறது. நடக்கச் சொன்னால், "டாக்டர் மகன் வந்து சொல்லட்டும், அப்புறம் நடக்குறேன்"கிறாள். நீ மாட்டு டாக்டர் என்று ஞாபகப்படுத்தினேன். "மாட்டுக்கும் முழங்கால் இருக்குல்ல?" என்கிறாள்.


மார்ச் 11
மருந்தகம்

ஃபியூஸு,

இந்தப் பெயரில் கூப்பிடலாமா, இல்லை இதற்கும் நேற்று மாலை விதி போட்டாயிற்றா? சட்டென்று எரிந்துபோகிறவளுக்கு நான் வேறு என்ன பெயர் வைக்க முடியும்? உரிமையாளர் அவர்களே என்று எழுத எழுதக் கை கூசுகிறது. விட்டுவிடு.

அளவுகள் தனித்தாளில். என்னிடம் இருந்தது மாட்டின் மார்பைச் சுற்றி அளக்கும் டேப்தான். அதில் ஒரு பக்கம் சென்டிமீட்டர், மறுபக்கம் மாட்டின் எடை. முதலில் பக்கம் தெரியாமல் அளந்துவிட்டேன். அதன்படி எருமையின் ரேடியேட்டர் இருநூறு கிலோ கிடாரி, சினை பிடிக்கும் பருவம். என் கம்பவுண்டர் அதை அப்படியே பதிவேட்டிலும் எழுதிவிட்டார். பிறகு திருப்பிப் பிடித்து மூன்று தடவை அளந்தேன்.

டைனமோவை இறக்கிப் பார்த்தேன். நாம் இரண்டு பேரும் குப்பைக் கிடங்கிலிருந்து எருமையைக் கட்டி இழுத்து வந்தபோது நீ அதில் பெயிண்ட் அடித்தாயே, அந்த நீலம் இன்னும் போகவில்லை. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு அதுதானே வேலை? நீ ஒயர், நான் கிரீஸ்.

அம்மாவிடம் சொல், தினமும் இருபது நிமிடம் சமதரையில் நடக்க வேண்டும். மாட்டு டாக்டரே சொல்லிவிட்டார் என்று சொல்.

அண்ணன்


மார்ச் 21
வொர்க்‌ஷாப்

அண்ணா,

ஆல்டர்னேட்டர் இந்த லாரியில் வருகிறது. சாக்குக்குள் சாக்கு, அதற்குள் அம்மாவின் பழைய போர்வை. போர்வையைத் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் என் உயிரை வாங்கிவிடுவாள்.

இது உடைக்கப் போட்ட ஆம்புலன்ஸிலிருந்து எடுத்தது. நூறு ஆம்பியர். உன் டைனமோ மூச்சைப் பிடித்தால் இருபத்திரண்டு கொடுத்திருக்கும். பேரிங், பிரஷ், எல்லாம் புதுசாக நானே போட்டேன். மேஜையில் வைத்துச் சுற்றவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன், குழந்தை மாதிரி ஓடியது. தாங்கியை உன் அளவுக்கு அறுத்துப் பற்றவைத்திருக்கிறேன். அளவு தப்பாக இருந்தால் அது உன் கிடாரியின் குற்றம்.

கவனமாகப் படி. பழைய ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றித் தூக்கிப் போடு, இதற்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது. கீழ்ப் புல்லியும் இந்தப் புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், நூல் பிடித்துப் பார். நேராக இல்லாவிட்டால் பெல்ட் ஒரே வாரத்தில் நார் நாராகும். சிவப்புத் தடி ஒயர் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்குப் போகட்டும், நடுவில் நான் வைத்திருக்கும் பெரிய ஃபியூஸ். எந்தக் காரணம் கொண்டும் டேஷ்போர்டில் இருக்கும் பழைய ஆம்பியர் மீட்டர் வழியாக விடாதே. அது இருபதைப் பார்த்தே பழகிய மீட்டர். நூறைக் காட்டினால் டேஷுக்குள்ளேயே அடுப்பு மூட்டிவிடும்.

மெல்லிய ஒயர் ஒன்று இருக்கும். அது டேஷில் உள்ள சிவப்பு எச்சரிக்கை விளக்குக்குப் போகிற பழைய ஒயரோடு சேர வேண்டும். சேர்த்துவிடு. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு காட்ட வேண்டும்.

வொர்க்‌ஷாப் வாசலில் ஒரு வண்டி நிற்கும் அளவு இடம் நான்கு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது என்று அம்மா உன்னிடம் சொல்லச் சொன்னாள். அந்த இடத்தில் கழிவுநீர் மூடி இருக்கிறது, அதனால்தான் யாரையும் நிறுத்த விடுவதில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 1
மருந்தகம்

ஃபியூஸு,

போர்வை இந்த லாரியில் வருகிறது. துவைத்திருக்கிறேன். ஆட்டு வாசனை வந்தால் அது என் குற்றமல்ல, இங்கே சோப்புக்கும் அந்த வாசனைதான்.

எல்லாம் நீ சொன்னபடியே செய்தேன். தாங்கி கச்சிதம். புல்லி இரண்டும் நேராக இல்லை, ஒரு வாஷர் கனம் விலகியிருந்தது, நூல் பிடித்துப் பார்த்து வாஷர் போட்டேன். பெல்ட்டை இறுக்க நெம்புகோல் இல்லாமல், கன்று முரண்டு பிடித்தால் இழுக்கும் கயிற்றை ஆல்டர்னேட்டரில் கட்டி, கம்பவுண்டரை இழுக்கச் சொன்னேன். அவர் பழக்க தோஷத்தில், "இன்னும் கொஞ்சம்மா... வந்துடுச்சு வந்துடுச்சு" என்று எருமையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இழுத்தார். பேரிங்கை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டேன். நல்ல ஆரோக்கியம்.

மீட்டர் வழியாக விடவில்லை. இரண்டு ஒயரும் மாட்டியாயிற்று.

ஆனால் சார்ஜ் ஏறவில்லை. பன்னிரண்டைத் தாண்டி மீட்டர் நகர மாட்டேன் என்கிறது. ஒத்திகை பார்க்க ஃபிரிட்ஜில் வெறும் தண்ணீர் பாட்டில்களை வைத்து போன வருடம் விட்டுப்போன நான்கு பட்டிகளில் ஒன்றுக்குப் போனேன். மறுநாள் மதியம் ஃபிரிட்ஜ் அணைந்துவிட்டது, வண்டியும் கிளம்பவில்லை. ஆட்டுக்காரம்மா ஒருத்தி தன் ஆறு மருமக்களையும் கூப்பிட்டுத் தள்ளிவிடச் சொன்னாள். "டாக்டரே, போன வருஷம் ஐஸு. இந்த வருஷம் என்ன சாக்கு?" என்று கேட்டாள். போன வருடம் செத்ததில் இருபத்திரண்டு அவளுடையவை. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். உடைக்கப் போட்ட வண்டியில் எடுத்தது என்றாயே, ஆல்டர்னேட்டரே பழுதாக இருக்குமோ?

அண்ணன்


ஏப்ரல் 1, மாலை
வொர்க்‌ஷாப்

டாக்டரே,

என் ஆல்டர்னேட்டர் பழுதா? என் ஆல்டர்னேட்டரா? ஒரு மணி நேரம் மேஜையில் பதினான்கு புள்ளி இரண்டில் அசையாமல் நின்றது. நீ வேண்டுமானால் அசைந்திருப்பாய், அது அசையவில்லை. லாரி காலையில் கிளம்புகிறது என்பதால் சோறு கூடச் சாப்பிடாமல் எழுதுகிறேன்.

பெல்ட் வழுக்குகிறதா பார், கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம்தான் உள்ளே போக வேண்டும். எஞ்சினிலிருந்து வண்டி உடம்புக்கு வரும் எர்த் ஒயரைக் கழற்றித் துருவைச் சுரண்டு. பெரிய ஃபியூஸ் போயிருக்கிறதா பார். மெல்லிய ஒயர் வண்டி உடம்பில் எங்காவது உரசுகிறதா பார்.

எதையும் பூசி மெழுகாமல் உள்ளது உள்ளபடி எழுது. உனக்கு அதுதானே வராது? போகிற அன்றைக்கும் நாலு வரி எழுதி வைத்துவிட்டுத்தானே போனாய்? "ஆர்டர் வந்துவிட்டது, போகிறேன், விழாவுக்கு வாழ்த்துகள், சாப்பிடு." சாப்பிடு! விழா அன்று வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன் நான். ரிப்பனை அம்மாவையே வெட்டச் சொன்னேன். அவள் கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்டி" என்று மூன்று தடவை சொன்னாள்.

இதை எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 11
மருந்தகம்

ஃபியூஸு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு லாரிகளைச் சும்மா அனுப்பிவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் எழுதவே மாட்டேன்.

ஆர்டரில் பதினைந்தாம் தேதிக்குள் சேர வேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு நாள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ அந்த ஷெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது. எல்லாம் சேர்ந்து செய்தோமே, இதை மட்டும் தனியாகச் செய்கிறாளே, அப்படியானால் என்னைப் போல ஒருத்தன் எதற்கு என்று. சின்னப் பிள்ளைத்தனம்தான். முப்பத்தெட்டு வயதில் ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. தப்பு என்னுடையது. அம்மா கத்தரியை மடியில் வைத்திருந்ததை நீ எழுதாமலே இருந்திருக்கலாம்.

இப்போது எருமை. பெல்ட் சரி. எர்த் சுரண்டிவிட்டேன், பளபளக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது (நீயல்ல, பெட்டியில் இருப்பது). ஒயர் எங்கும் உரசவில்லை. சார்ஜ் ஏறவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. நேற்று ஐந்தாம் பட்டியிலிருந்து வருகிறபோது நெட்டுக்குத்தான இறக்கம். பிரேக்கை நம்பாமல் முதல் கியரில் விட்டேன், எஞ்சின் காது கிழியக் கத்தியது. திடீரென்று ஃபிரிட்ஜ் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இறங்கி மீட்டரை வைத்துப் பார்த்தால் பதினான்கு! அதற்குப் பிறகு மெதுவாக ஓட்டினாலும் பதினான்கு, நிறுத்தி வைத்து ஓடவிட்டாலும் பதினான்கு. குதித்தேன். கம்பவுண்டரும் குதித்தார். மருந்தகத்துக்கு வந்து எஞ்சினை அணைத்தேன். காலையில் கிளப்பினால் மறுபடி பன்னிரண்டு. திரும்ப அந்த இறக்கத்துக்குப் போய்க் கத்தவிட்டால் சார்ஜ் ஏறுகிறது. அணைத்தால் போச்சு. ஒவ்வொரு பட்டியிலும் வண்டியை அணைக்காமல் இருக்க டீசல் தாங்காது, ஊர் ஊராக எஞ்சினைக் கத்தவிட்டால் ஈனப்போகும் ஆடுகள் தாங்காது.

மருந்து பதினாறாம் தேதி வருகிறது. இங்கே மருந்தகத்து ஃபிரிட்ஜில் கவலையில்லை. அதைவிட்டு வெளியே எடுத்தால் எருமைதான் கதி. முதல் தேதிக்கு இன்னும் இருபதே நாள். உன்னைத் தவிர எனக்குக் கேட்க ஆள் இல்லை. இருந்தாலும் உன்னிடம்தான் கேட்பேன்.

அண்ணன்


ஏப்ரல் 11, மாலை
வொர்க்‌ஷாப்

அண்ணா,

கத்தினால் ஏறுகிறது, அணைத்தால் போகிறது என்று நீ எழுதிய இடத்தைப் படித்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாடிக்கையாளர், "என்னம்மா, கெட்ட சேதியா?" என்றார். கெட்ட சேதிதான், என்னைப் பற்றி.

அடி பம்ப்பில் முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால்தான் தண்ணீர் வரும் அல்லவா? ஆல்டர்னேட்டரும் அப்படித்தான். அது மின்சாரம் உண்டாக்கத் தொடங்க முதலில் கொஞ்சம் மின்சாரம் அதற்கு வேண்டும். அந்தக் கொஞ்சத்தை ஊற்றுவது டேஷில் இருக்கும் சிவப்பு பல்ப். சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து பல்ப் வழியாக, மெல்லிய ஒயர் வழியாக அது உள்ளே போகும். ஆல்டர்னேட்டர் விழித்துக்கொண்டதும் பல்ப் அணைந்துவிடும். பல்ப் இல்லாவிட்டால் எஞ்சினைக் கத்தவிட்டு எழுப்ப வேண்டியதுதான். பழைய டைனமோவுக்கு அந்த பல்ப் வெறும் அலங்காரம். இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

எருமையில் அந்த பல்ப் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எடுத்தவள் நான்.

நீ கிளம்பிய அன்று காலை. நீ குளித்துக்கொண்டிருந்தபோதே நீ எழுதி வைத்த அந்த நாலு வரியைப் பார்த்துவிட்டேன். நான் வண்டிக்குள் ஏறி டேஷுக்குப் பின்னால் கையை விட்டு பல்ப்பை உருவிக்கொண்டேன். எருமையில் பாதி என்னுடையது, என் பாதியை எடுத்துக்கொள்கிறேன் என்று ஆங்காரம். டயரைக் கழற்ற நேரமில்லை, அதனால் பல்ப். வெளியே சிவப்புக் கண்ணாடி அப்படியே இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. போகிற வழியில் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "ஏண்டி எடுத்தே?" என்று என் காதைத் திருகுவாய் என்று நினைத்தேன். அதற்காகத்தான் எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

நான்கு வருடத்தில் நீ வேறு பல்ப் போட்டிருப்பாய் என்று நம்பினேன். கேட்டு எழுதியிருக்கலாம். கேட்டால் நான் எடுத்தது தெரிந்துபோகும். மார்ச் கடிதத்தில் அந்த இடம் வந்தபோது பேனாவைக் கடித்துக்கொண்டு, "எழுத வேறொன்றும் இல்லை" என்று எழுதினேன். உன்னைப் பூசி மெழுகாதே என்று திட்டியவள் இவள்தான். என் வாயால் உன் இருபது நாளும் போயிற்று.

பல்ப் இந்தக் கடிதத்தோடு வருகிறது. தோடு டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். புதுசு அல்ல, அதே பல்ப். இன்றுவரை என் கருவிப் பெட்டியின் மேல் தட்டில்தான் இருந்தது. பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன், எரிகிறது. நம்பிக்கை போதாமல் புதுசு இரண்டும் கூட வைத்திருக்கிறேன்.

சாவியைத் திருப்பு, சிவப்பு எரிய வேண்டும். கிளப்பு, அணைய வேண்டும். அணைந்தால் பதினான்கு.

என்னை மன்னித்துவிடு. அந்த ஆட்டுக்காரம்மாவிடம், சாக்கு டாக்டருடையது அல்ல, டாக்டரின் தங்கச்சியுடையது என்று சொல்லிவிடு.

தங்கை

பி.கு: அம்மா தினமும் நடக்கிறாள். கழிவுநீர் மூடி அந்த இடத்தில் இல்லை, தெருமுனையில்தான் இருக்கிறது.


ஏப்ரல் 22
மருந்தகம்

அடி ஃபியூஸு!

எழுநூற்று நாற்பத்தொன்று. பதினோரு பட்டி, எழுநூற்று நாற்பத்தோரு ஆடு, ஒன்று விடாமல் போட்டாயிற்று. நான்கு நாளும் ஃபிரிட்ஜுக்குள் நான்கு டிகிரி, ஒரு குப்பி சூடேறவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. நேற்று மத்தியானம் கடைசிப் பட்டியில் கடைசி ஊசியைப் போட்டுவிட்டு அங்கேயே புல்லில் மல்லாந்து படுத்துவிட்டேன். ஒரு கிடா வந்து என் தொப்பியைத் தின்றது. தின்னட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன். டப்பா சனிக்கிழமை வந்தது. லாரி டிரைவர், "தோடா சார்? யாருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மலை முழுக்க எனக்குக் கல்யாணம் என்று பேச்சு, அதை நீயே வந்து அடக்கு. டேஷுக்குப் பின்னால் கையை விட்டு பல்ப்பைச் செருகினேன். கம்பவுண்டர் வோல்ட் மீட்டரோடு பேட்டரிப் பக்கம். சாவியைத் திருப்பினேன். சிவப்பு. கிளப்பினேன். ஒரு நொடி எரிந்தது, அப்புறம் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டது. "பதினாலு!" என்று கம்பவுண்டர் கத்திய கத்தலில் கொட்டகையில் ஒரு மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக் கட்ட அரை மணி நேரம்.

விளக்கு, வைப்பர், ஹார்ன், ஃபிரிட்ஜ், நான்கையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மருந்தகத்தை மூன்று தடவை சுற்றினேன். மழை இல்லை, இருட்டும் இல்லை. சும்மா.

ஆட்டுக்காரம்மாவிடம் உன் செய்தியைச் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டாள். "அந்தப் பொண்ணு பல்ப்பை எடுத்தா. நீ நாலு வருஷமா இன்னொண்ணு போடாம சுத்துனே. ரெண்டு பேர்ல யாரு டாக்டரே பெரிய எருமை?" என்றாள்.

அதற்குத்தான் வருகிறேன். எனக்குத் தெரியும், ஃபியூஸு. இங்கே வந்த முதல் வாரமே தெரியும். ஸ்பீடாமீட்டர் கேபிள் கழன்று, டேஷுக்குப் பின்னால் கையை விட்டபோது பல்ப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. தானாக விழுந்திருந்தால் கீழே கிடந்திருக்கும், தேடினேன், இல்லை. உன்னைத் தவிர யாருக்கு அந்த வேலை வரும்? பால் லாரிக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பத்து பல்ப் வாங்கி வருவார். நான் சொல்லவில்லை. எடுத்தவளே வந்து போடட்டும் என்று விட்டுவிட்டேன். முதலில் வீம்புக்காகத்தான். பிறகு வீம்பு போய்விட்டது, ஓட்டை மட்டும் இருந்தது. பல்ப்பை எடுத்துவைத்திருக்கிறாள் என்றால் இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாள், கோபமாக இருக்கிறாள் என்றால் என்னை விட்டுவிடவில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி. வேறு பல்ப் போட்டால் அது போய்விடும் என்று பயந்தேன். உன் மார்ச் கடிதத்தில் சிவப்பு விளக்கு என்று பார்த்ததும் எனக்கும் வாய் அடைத்துவிட்டது. அலங்காரம்தானே என்று ஒயரை மட்டும் மாட்டிவிட்டு, "மாட்டியாயிற்று" என்று எழுதிவிட்டேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, நடுவில் எருமை பட்டினி கிடந்தது.

புது பல்ப் இரண்டும் டப்பாவிலேயே இருக்கின்றன. பழசுதான் எரிகிறது.

குட்டி ஈனும் காலம் முடிந்துவிட்டது. ஒரு வாரம் கம்பவுண்டர் பார்த்துக்கொள்வார். இந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கி வருகிறேன். கழிவுநீர் மூடி இல்லாத அந்த இடத்தில் நிறுத்தலாமா?

அண்ணன்


ஏப்ரல் 25
வொர்க்‌ஷாப்

அண்ணா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எழுநூற்று நாற்பத்தொன்று என்றதும் கையைத் தட்டினாள். முதல் வாரமே தெரியும் என்ற இடத்தையே நான் திரும்பத் திரும்பப் படித்தேன், தாளை வாங்கி மீதியை அவளே படித்தாள். படித்துவிட்டு, "ரெண்டையும் நான்தான் பெத்தேனா?" என்று ஃபேனைப் பார்த்துக் கேட்டாள்.

வாசலைக் கழுவிவிட்டேன். நாற்காலி இரண்டை வைத்து அந்த இடத்தை மறித்திருக்கிறேன், பழக்கமில்லாதவர்கள் யாராவது நிறுத்திவிட்டால்? அம்மா டிராயரைக் குடைந்து அந்தக் கத்தரியை எடுத்து வைத்திருக்கிறாள். ரிப்பனுக்கு எங்கே போவது என்று கேட்டேன், ஒயர் சுற்றுகிற டேப்பைக் கட்டு என்கிறாள். கட்டியிருக்கிறேன். சிவப்பு.

ஹார்னை அடித்துக்கொண்டே வா. விளக்கையும் போடு. பட்டப் பகல் என்றாலும் பரவாயில்லை, வைப்பரும் ஓடட்டும். தெருவே எட்டிப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை நான் எட்டி எட்டிப் பார்க்க மாட்டேன், வாசலிலேயே நிற்பேன்.

ஒரே ஒரு விதி. நேற்று மாலைதான் போட்டது. வந்து நின்றதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கு. சாவியை வண்டியிலேயே விடு. நான் ஏறி உட்கார்ந்து, என் கையால் சாவியைத் திருப்பி, அந்தச் சிவப்பு எரிந்து அணைவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் ஊரை ஒரு சுற்று நான்தான் ஓட்டுவேன். முன் சீட் அம்மாவுக்கு. நீ பின்னால் ஃபிரிட்ஜோடு உட்கார்ந்து வா.

தங்கை